கையைக் கீழே போட்ட கண்டக்டர்

சத்திரம் பேருந்து நிலையத்தில் அவசரத்துக்கு ஐஸ் வேண்டுமென்றால் ஜூஸ் கடைக்குப் போகாதீர்கள், மேடம். பிரிட்ஜ் பூட்டியிருக்கிறது, முதலாளி வரட்டும் என்பார்கள். கரும்புச்சாறு வண்டிக்குப் போக வேண்டும். சாக்கில் சுற்றி வண்டிக்கு அடியிலேயே வைத்திருப்பார்கள். கேட்கக்கூட வேண்டாம், கையை விட்டு எடுத்துக்கொண்டு ஓடலாம்.

நான் அப்படித்தான் ஓடினேன். ஆடிப்பெருக்குக் கூட்டம். காப்பரிசித் தூக்கும் பூக்கூடையுமாகக் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குக் கிளம்பிய பெண்கள் எல்லாம் பஸ்ஸை விட்டுவிட்டு வட்டம் கட்டி நின்றிருந்தார்கள். "தள்ளுங்க, காத்து விடுங்க" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்து முட்டி போட்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் சரத்குமார் தன்னுடைய பச்சை பஸ்ஸின் முன்சக்கரத்தை ஒட்டிக் கிடந்தான். துண்டில் ஐஸைச் சுற்றித் தலையில் வைத்தேன். யாரோ அவனைத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தார்கள். கழுத்தை அசைக்காதீர்கள் என்றேன். யாரோ சோடா உடைத்துக்கொண்டு வந்தார்கள், வேண்டாம் என்றேன். ஆம்புலன்ஸுக்குப் போன் போட வைத்தேன். முதலுதவியில் நான் முறையாகப் பயிற்சி பெற்றவன். நான் செய்ததில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டரே பிறகு சொன்னார்.

கண்டக்டர் பை அவன் தோளில் அப்படியே இருந்தது. கழுத்தில் விசில். கண் திறந்திருந்தது. ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் அவன் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் தில்லை நகர் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. என்னுடைய கராத்தே வகுப்புக்குப் பின்தெருதான்.

இன்றைக்கு நீங்கள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "டீ சாப்பிடுங்க மாஸ்டர்" என்று உபசரித்து, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினீர்கள். யாரோ பஸ் ஜன்னலிலிருந்து போனில் எடுத்த வீடியோ. இரண்டு பஸ்ஸின் ஹாரனைத் தவிர வேறு சத்தம் கேட்கவில்லை. சிவப்பு பஸ் டிரைவர் மூக்கன் ஜாக்கி ராடைத் தூக்குகிறான். சரத்குமார் இரண்டு கையையும் கீழே போடுகிறான். காலைச் சேர்த்து, ஸ்கூல் பிரேயரில் நிற்கிற மாதிரி நிற்கிறான். ராடு இறங்குகிறது.

"லாக்கப்ல மூக்கன் தலை தலையா அடிச்சுக்கிறான் மாஸ்டர்" என்றீர்கள். "'எத்தனையோ தடவ ஓங்கியிருக்கேன்மா, ஒரு தடவகூட அவன் மேல பட்டதில்ல, விலகிடுவான்னுதான் ஓங்கினேன், ஏன் நின்னான்னு தெரியலையே'ங்கிறான். கொல்லணும்னு அடிச்சானா, விலகிடுவான்னு அடிச்சானா, எனக்கு அது தெரியணும். நீங்க அவருக்குச் சொல்லிக் குடுத்தவரு. ஒரே ஒரு சந்தேகம்தான். அவர் ஏன் கையைக் கீழ போட்டாரு?"

நல்ல கேள்வி. சரியான ஆளிடம் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் பானுமதி மேடம். பதில் எனக்குத் தெரியும். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கும். டீயில் சர்க்கரை அதிகம், பரவாயில்லை.

*

என் பெயர் பராசரன். வீடு ஸ்ரீரங்கம் உத்தர வீதியில். வகுப்பு தில்லை நகரில், ஒரு ஸ்கேன் சென்டருக்கு மேல் மாடியில். வயிற்று ஸ்கேனுக்கு வந்தவர்கள் வழி தவறி மேலே ஏறி, வெள்ளை உடுப்பில் ஆட்களைப் பார்த்து டாக்டர்கள் என்று நினைத்து வரிசையில் உட்கார்ந்துவிடுவது உண்டு. பிளாக் பெல்ட், நான்காம் டான். பெருமைக்குச் சொல்லவில்லை, போர்டில் போட்டிருப்பதைச் சொல்கிறேன்.

சரத்குமாரை நான் முதலில் சந்தித்ததும் அதே சத்திரத்தில்தான், போன வருடம். பொன்மலையில் ஒரு போட்டி. மாணவர்களையும் அவர்களுடைய அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு பச்சை பஸ்ஸில் ஏறிச் சத்திரம் வந்தேன். அங்கே இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். ஆனால் பஸ் உள்ளே நுழையவே இல்லை. வாசலில் சிவப்பு பஸ் குறுக்கே நின்றது. டைமிங் தகராறு. தனியார் பஸ்களில் இது தினப்படி நடக்கிற கச்சேரி, உங்களுக்குத் தெரியாததில்லை. முன்னால் கிளம்ப வேண்டியவன் ஆள் சேரட்டும் என்று நின்றுவிடுவான். பின்னால் வருகிறவனுக்குப் பயணி இருக்காது. அதற்குக் கத்துவார்கள், சட்டையைப் பிடிப்பார்கள், டைம் கீப்பர் நடுவில் வந்து விலக்குவார், எல்லாரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள்.

எனக்கு அன்றைக்கு அவசரம். போதாததற்கு அம்மாக்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கிப்போய்ச் சமாதானம் பேசினேன். "கராத்தே மாஸ்டர் நான். பப்ளிக் பிளேஸ்ல இப்படிப் பண்ணக் கூடாது" என்றேன்.

சரத்குமார் திரும்பிப் பார்த்தான். கிட்டத்தட்ட என் வயதுதான். ஒல்லி. காக்கிச் சட்டை, தோளில் துண்டு, வாயில் விசில். "சரிங்க மாஸ்டர், நீங்க ஏறுங்க, நாங்க பேசி முடிச்சிட்டு வரோம்" என்று மரியாதையாகத்தான் சொன்னான். சொல்லிக்கொண்டே என் தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்தினான். தொட்டிருக்க வேண்டாம். நான் நிலை எடுத்தேன். இடது கால் முன்னால், முட்டி மடக்கி, இடுப்பு தாழ்த்தி, கை இரண்டும் அதனதன் இடத்தில். போர்டில் இருக்கிற படம் மாதிரியே இருந்திருக்கும்.

அவன் விசிலை எடுத்துவிட்டு உண்மையான அக்கறையோடு கேட்டான்: "என்னங்க மாஸ்டர், வயித்த வலிக்குதா?"

நான் மூச்சை உள்ளே இழுத்தேன். அது முறை. அந்த மூச்சு வெளியே வருவதற்குள் விஷயம் முடிந்துவிட்டது. பையிலிருந்து ஒரு கைப்பிடிச் சில்லறை என் முகத்தில் விழுந்தது. கண்ணை மூடினேன். என் கால்விரல் மேல் அவன் செருப்பு ஏறியது. சாய்ந்தேன். அவன் துண்டு என் கழுத்தைச் சுற்றி வந்து என்னைத் திருப்பியது. கண்ணைத் திறந்தபோது நான் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், பத்திரமாக. அவன் என்னை அடிக்கவே இல்லை, மேடம். அடித்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

"உக்காருங்க மாஸ்டர், டிக்கெட் எடுத்திருக்கீங்கல்ல" என்றான். பிறகு என் மாணவர்களோடு சேர்ந்து குனிந்து காசு பொறுக்கினான். "அந்த அஞ்சு ரூவா மாஸ்டர் காலுக்கு அடியில இருக்கு பாருங்க தம்பி."

அம்மாக்களில் ஒருத்தர் அதை வீடியோ எடுத்திருந்தார். நாங்கள் பொன்மலை போய்ச் சேர்வதற்குள் அது வாட்ஸ்அப்பில் எங்களை முந்திக்கொண்டு போய்விட்டது. 'பிளாக் பெல்ட்டுக்குச் சில்லறை பாக்கி' என்று தலைப்பு. மூச்சு இழுக்கிற இடத்தை மட்டும் மெதுவாக ஓடவிட்டு நாதஸ்வரம் சேர்த்திருந்தார்கள். ரசனையுள்ள ஊர்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தைக் கட்டுப்படுத்துவதுதான் எங்கள் கலையின் முதல் பாடம்.

கோவிலில் சேவித்துவிட்டு வெளியே வந்தால் பக்கத்து வீட்டு ஜகன்னாதன் ஸ்வாமி கைகூப்பிக்கொண்டு வழி மறித்தார். "தேவரீர் தப்பா நினைக்கப்படாது. அடியேனுக்கு ஒரு சின்ன சந்தேகம். கராத்தேல கைக்கு, காலுக்கெல்லாம் தடுப்பு இருக்கு. சில்லறைக்குத் தடுப்பு கிடையாதோ?" வகுப்பிலும் ஆள் குறைந்தது. "ஸ்விம்மிங் சேர்த்துட்டோம் சார்" என்றார்கள். ஊரில் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் நீச்சல் ஆசை வந்தது ஆச்சரியம்தான்.

என் மனைவி வத்ஸலா ஸ்கூலில் டீச்சர். அவளுக்கும் அந்த வீடியோ வந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "தப்பா எடுத்துக்காதேங்கோ. விழுந்ததுக்குச் சிரிக்கலை. உக்காந்தேள் பாருங்கோ, அவ்வளவு சமத்தா..." என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

சிரிக்கட்டுமே. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதைத்தான் நினைத்துக்கொண்டேனே தவிர வேறொன்றும் இல்லை.

*

சில நாள் கழித்து அவனே வந்தான். ஒரு தார் பூவன் பழம், கூடவே மனைவி மயிலம்மாள். மாடிப்படி ஏறி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

"மன்னிச்சுக்கங்க மாஸ்டர். வீடியோ இவ்வளவு தூரம் போகும்னு தெரியாது. எனக்கு ஒரு வியாதிங்க. கை முன்னாடி போயிடுது, நான் பின்னாடிதான் போய்ச் சேர்றேன்."

மயிலம்மாள் அவனைப் பேசவிடவில்லை. "மொதலாளி சொல்லிட்டாருங்க சாமி, இன்னொரு அடிதடின்னு வந்தா சீட்டைக் கிழிச்சிருவேன்னு. ஏற்கெனவே ஒரு கேஸ் நடக்குது. நீங்க படிச்சவங்க, அடக்கம் சொல்லிக் குடுக்கிறவங்க. இவரு கையைக் கொஞ்சம் கட்டிப் போட்டு வைங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

கட்டிப் போட வேண்டும் என்பது அந்தம்மாள் சொன்னது, மேடம். நான் சொன்னதில்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

சேர்த்துக்கொண்டேன். பீஸ் வேண்டாம் என்றேன். ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்தது. ஜகன்னாதன் ஸ்வாமிகூட, "ஆச்சார்ய லக்ஷணம்னா இதுதான்" என்று கண் கலங்கினார். நீச்சலுக்குப் போனவர்கள் ஈரம் காய்ந்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

முதலில் எனக்கு அவனிடம் இருந்தது ஆர்வம் மட்டும்தான். அவன் எப்படி அடிக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். "அன்னிக்கு என்ன செஞ்சே? மெதுவா செஞ்சு காட்டு" என்றேன். பாவம், ரொம்ப யோசித்தான். துண்டை எடுத்தான், வைத்தான். வலது காலா இடது காலா என்று தடுமாறினான். "தெரியல மாஸ்டர். எதிராளி தோள்பட்டை லேசா அசையும். அப்ப நான் அங்க இருக்க மாட்டேன். அவ்வளவுதான் தெரியும்."

நான் என் தோளை அசைத்துக் குத்தினேன். அவன் அங்கே இல்லை. என் முதுகுக்குப் பின்னால் நின்று, "சாரி மாஸ்டர்" என்றான்.

இதில் இருக்கிற அநியாயத்தை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். நான் சின்ன வயதிலிருந்து விடியற்காலையில் எழுந்து, கொள்ளிடக்கரையில் ஓடி, முட்டி தேயத் தேயக் கற்றுக்கொண்ட ஒன்று. அது கற்காமலே இவனிடம் இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் ஆளுக்கு நடுவில் நுழைந்து நுழைந்து அந்த உடம்பு தானாகக் கற்றுக்கொண்டிருந்தது. டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்பே அவன் கால் அதற்குத் தயாராகிவிடும். தனக்குத் தெரியும் என்பதே அவனுக்குத் தெரியாது. அதற்குப் பெல்ட் கிடையாது, சான்றிதழ் கிடையாது, ஒரு பெயர்கூடக் கிடையாது.

அதனால் ஒழுங்கு சொல்லிக்கொடுத்தேன். தினமும் காலை டிரிப்புக்கு முன்னால் வருவான். பேங்க் மேனேஜருக்கும் பல் டாக்டருக்கும் நடுவில், காக்கிப் பேன்ட்டுக்கு மேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பான். அவனைப் போல ஒரு மாணவன் எனக்கு அமைந்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வான். எதிர்க்கேள்வி கிடையாது.

கராத்தேயில் அடிப்பது பெரிய விஷயம் இல்லை, மேடம். நிற்பதுதான் பெரிய விஷயம். எதிராளியின் மூக்குக்கு ஒரு நூல் முன்னால் கை நிற்க வேண்டும். போட்டியில் இரண்டு வார்த்தை உண்டு, ஜப்பான் வார்த்தை. 'ஹஜிமே' என்றால் ஆரம்பி. 'யமே' என்றால் நிறுத்து. நடுவர் 'யமே' என்று சொன்ன நொடியில் இரண்டு பேரும் கையைத் தொடையோரம் இறக்கி, காலைச் சேர்த்து, நடுவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அடுத்த வார்த்தை வரும் வரை அசையக் கூடாது. அந்த வார்த்தைக்குப் பிறகு என் வகுப்பில் ஒரு அடிகூட விழுந்தது இல்லை.

சரத்குமாருக்கு முதலில் அது பிடிபடவில்லை. "எதிராளி நிக்கலைன்னா என்ன மாஸ்டர் செய்றது?" என்று கேட்டான்.

"நிப்பான்."

"இல்ல, ஒருவேளை..."

"நான் சொன்னா ரெண்டு பேரும் நிப்பீங்க. அதை என்கிட்ட விட்டுடு" என்றேன்.

விட்டுவிட்டான். அதற்கப்புறம் அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

மாதக்கணக்கில் அதையே பழக்கினேன். அவன் குத்து பாதி வழியில் இருக்கும்போது சொல்வேன். உதை காற்றில் இருக்கும்போது சொல்வேன். தோள் அசைந்து, அவன் நழுவப் போகிற அந்தச் சின்ன இடைவெளி இருக்கிறதே, அங்கே சொல்வேன். அதுதான் கஷ்டம். மூளைக்கு எட்டாத இடத்தில் வருகிற அசைவை மூளைக்கு எட்டாத இன்னொன்றால்தான் நிறுத்த முடியும். ஒரு நாள் நின்றான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வகுப்புக்கு வெளியிலும் சோதித்துப் பார்த்தேன். விளையாட்டாகத்தான். கீழே டீக்கடையில் அவன் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகும்போது மெல்லச் சொன்னேன். டம்ளர் அப்படியே கீழே இறங்கித் தொடையோரம் நின்றது. டீ செருப்பில் வழிந்தது. கடைக்காரர் சிரித்தார், அவனும் சிரித்தான். "என்னங்க மாஸ்டர், ரிமோட்ல வச்சிருக்கீங்களா என்னைய?" அவனுக்கு அதில் பெருமைதான். சத்திரத்தில் போய் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மயிலம்மாள் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "வீட்ல சத்தமே இல்லீங்க சாமி. கோவம் வந்தா கையைத் தொடையில ஒட்ட வச்சிக்கிறாரு."

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்ஸலாவைக் கூட்டிக்கொண்டு பச்சை பஸ்ஸில் ஏறினேன். தெப்பக்குளம் கடைத்தெருவுக்குப் போக வேண்டும் என்றாள். எனக்கும் ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது. காவிரிப் பாலம் வரட்டும் என்று காத்திருந்தேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். சரத்குமார் வாயில் விசிலோடு, எங்களுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான்.

"யமே" என்றேன்.

பாதி கிழிந்த டிக்கெட்டோடு கை தொடையோரம் போனது. கால் சேர்ந்தது. பஸ் ஆடியது, அவன் ஆடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் வத்ஸலா பக்கம் திரும்பினேன்.

அவள் பதறிப்போனாள். "பாவம்னா, விடுங்கோ அவரை. டிக்கெட் குடுக்கட்டும்."

"ஹஜிமே" என்றேன். அவன் டிக்கெட்டை முழுசாகக் கிழித்து அவள் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமல், விசிலைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டான்: "ஏன் மாமி, வீட்ல இதை யாரு யாருக்குச் சொல்றது?"

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். வத்ஸலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே சிரிப்பு. இறங்கும்போது அவனிடம், "ஒரு நாள் சம்சாரத்தோட ஆத்துக்கு வாங்கோ" என்று வேறு சொன்னாள். "வேடிக்கையான மனுஷர்னா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை. கோபத்துக்கு அதில் இடமே இல்லை.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள், மேடம். பரவாயில்லை, கேளுங்கள். முடியப் போகிறது.

வீடியோவைப் பார்த்த இரண்டு நாளாக ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? 'கண்டக்டர் சும்மா இருந்திருந்தா பொழைச்சிருப்பான், கராத்தே கத்துக்கிட்டான், செத்தான்' என்று. ஜகன்னாதன் ஸ்வாமி துக்கம் கேட்கிற மாதிரி வந்து உட்கார்ந்து, "பிறவியில வந்ததை விட்டுட்டுப் பழகினதைப் பிடிச்சிண்டான், ஆபத்துக்கு அது உதவலை போலிருக்கு" என்றார். நேற்று மறுபடியும் இரண்டு பேர் நீச்சலுக்குப் போயிருக்கிறார்கள். பயிற்சியால் குழம்பிப்போய் நின்றுவிட்டான் என்று நீங்களும் எழுதப் போகிறீர்கள் என்று எனக்குத் தோன்றியது. அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். மூக்கனுக்காக இல்லை. அவனை எனக்குப் பழக்கமில்லை.

சரத்குமார் குழம்பவில்லை.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு அம்மா மண்டபத்துக்குக் கூட்டம் அள்ளும். ஒவ்வொரு டிரிப்பும் தனியார் பஸ்காரர்களுக்குத் தங்கம். அன்றைக்கு டைமிங் தகராறு வராமல் இருக்காது. வந்தால் மூக்கனுக்கும் சரத்குமாருக்கும்தான் வரும். இதற்கு ஜோசியம் தேவையில்லை. நான் வகுப்புக்கு விடுமுறை விட்டேன். காலையில் வத்ஸலாவிடம் பூ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சத்திரம் போனேன். ஸ்ரீரங்கத்தில் கிடைக்காத பூவா என்று அவள் கேட்கவில்லை.

கரும்புச்சாறு வண்டி ஓரமாக நின்றேன். அங்கிருந்து பச்சை பஸ் நிற்கிற இடம் நன்றாகத் தெரியும். வெயில் ஏறும் வரை நின்றேன். டம்ளர் மேல் டம்ளராக வாங்கிக் குடித்தேன். வண்டிக்காரர் ஒவ்வொரு தடவையும் குனிந்து, சாக்கை விலக்கி, ஐஸ் உடைத்துப் போட்டார். ஐஸ் எங்கே இருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

சிவப்பு பஸ் நகரவில்லை. சத்தம் கிளம்பியது. சரத்குமார் இறங்கிப் போய், கையைத் தொடையில் ஒட்டிக்கொண்டு பொறுமையாகத்தான் பேசினான். மயிலம்மாள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். மூக்கன் அவன் விசிலைப் பிடித்து இழுத்தான். இவன் தள்ளிவிட்டான். மூக்கன் பஸ்ஸுக்குள் கையை விட்டு ஜாக்கி ராடை எடுத்தான். எடுத்து ஓங்கினான். அவன் லாக்கப்பில் சொல்வது உண்மைதான். விலகிவிடுவான் என்று நம்பித்தான் ஓங்கினான். அந்த நம்பிக்கையால்தான் முழு பலத்தையும் போட்டான்.

அவன் தோள் அசைந்தது. சரத்குமார் அப்போதே கிளம்பிவிட்டான், மேடம். வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள், இடது குதிகால் தரையில் இருக்காது. மறுநொடி அவன் அங்கே இருந்திருக்க மாட்டான்.

நான் அடிவயிற்றிலிருந்து சொன்னேன். போட்டியில் சொல்வது போலத்தான். ஹாரனுக்கு மேலே கேட்க வேண்டுமே. உங்கள் சாட்சிகள், மாஸ்டர் மட்டும்தான் சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்தினார் என்று சொல்லியிருப்பார்கள். பொய் இல்லை. அந்த வார்த்தைக்கு அர்த்தமே அதுதான். அந்த இடத்தில் அதற்குக் கட்டுப்படத் தெரிந்தவன் ஒருவன்தான் என்பதை மட்டும் அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குதிகால் தரைக்குத் திரும்பியது. கை இறங்கியது. கால் சேர்ந்தது. அவன் மூக்கனைப் பார்க்கவில்லை, ராடைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு மேல் என் முகத்தைக் கண்டுபிடித்து, அடுத்த வார்த்தைக்காகக் காத்து நின்றான். நேரம் இருந்தது. அவனைப் போன்ற ஒருவனுக்கு அது தாராளமான நேரம். 'ஹஜிமே' என்று ஒரு வார்த்தை, அவன் நழுவியிருப்பான். வார்த்தை என் நாக்கு நுனியில்தான் இருந்தது.

ஐஸ் வைத்தபோதும் அவன் அதற்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே, பயிற்சி பலிக்கவில்லை என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். நடுத்தெருவில், தலைக்கு மேல் இரும்பு இறங்கும்போது, பிறவியிலேயே வந்ததை அது ஒரே சொல்லில் நிறுத்திக் காட்டியது. இதற்கு மேல் ஒரு ஆசிரியன் என்ன நிரூபிக்க வேண்டும்? கோபத்தில் செய்தது என்று எழுதினாலும் தப்பு. நான் கோபப்படுகிற ஆள் இல்லை. சிரிப்புக்கெல்லாம் மனசில் இடம் கொடுக்கிறவனும் இல்லை.

இது எல்லாவற்றையும் நேற்றைக்கே வத்ஸலாவிடம் சொல்லிவிட்டேன். நிலை எடுத்துக் காட்டி, அவன் எப்படி நின்றான், நான் எப்படிச் சொன்னேன் என்று ஒன்று விடாமல் நடித்துக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை, மேடம். கடைசி வரைக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.